தவக்காலத்தில் மனம் வறண்டுபோகும்போது: இறைவனைப் பற்றிநிற்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்கா என்னும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வீடு திரும்பும்போது நம்மில் பலருக்கும் மனத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ வரும்போது அது எங்கே போயிற்று என்றே தெரிவதில்லை. வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை முடிந்து ஆலய முற்றத்தில் நின்று பேசும்போதும், மறைக்கல்வி வகுப்புக்குப் பிறகும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் குருவானவர் அல்லன். மறைக்கல்வி கற்பிக்கும் பொதுநிலையினன். எனவே இவை ஒப்புரவு அருளடையாளம் என்னும் பாவசங்கீர்த்தனத்துக்கோ (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) ஆன்ம வழிகாட்டிக்கோ மாற்றாகா. கத்தோலிக்க வழக்கிலேயே எழுதியிருக்கிறேன் என்றாலும், 'லெந்து நாட்கள்' என்று சொல்லிப் பழகிய சபைகளைச் சேர்ந்தவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

தவக்காலம் தொடங்கினால் சோதனைகள் குறையும் என்று நினைத்தேன். கூடுகின்றனவே, ஏன்?

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று வாசிக்கப்படும் நற்செய்தியிலேயே இதற்கு விடை இருக்கிறது. மூன்றாண்டுச் சுழற்சியில் அந்த ஆண்டு மத்தேயுவோ மாற்கோ லூக்காவோ, எது வந்தாலும் அன்றைய பகுதி ஒன்றுதான்: இயேசு பாலைநிலத்தில் சோதிக்கப்படுதல். அதற்குச் சற்று முன்புதான் யோர்தான் ஆற்றில், தம்மைத் தந்தை 'மகன்' என்று அழைக்கும் குரலை அவர் கேட்டிருந்தார். இரண்டே வசனங்களில் இந்நிகழ்ச்சியைச் சொல்லி முடித்துவிடும் மாற்கு, அந்தக் குரலுக்குப் பின் 'உடனே' தூய ஆவியார் அவரைப் பாலைநிலத்துக்குப் போகச் செய்தார் என்று எழுதுகிறார். அங்கே அவரை இட்டுச்சென்றவர் ஆவியார் என்பதை நாம் பல நேரங்களில் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். பாலைநிலத்தில் இருப்பதாலேயே ஒருவர் வழி தவறிவிட்டார் என்று முடிவுகட்ட முடியாது.

இன்னொரு காரணம் மிகச் சாதாரணமானது. நம் ஊரில் தவக்காலம் மாசி, பங்குனி மாதங்களில் வருகிறது. கண்மாய்களும் குளங்களும் வற்றத் தொடங்கும் காலம் அது. நீர் குறையக் குறைய அடியில் கிடக்கும் சேறும் உடைந்த பானையும் முள்ளும் வெளியே தெரிகின்றன. அவற்றை வெயில் உண்டாக்கவில்லை, அவை முன்பே அங்கே கிடந்தன. அதுபோலவே, பசியையும் சலிப்பையும் தனிமையையும் நாள்தோறும் தேநீரையும் கைபேசியையும் தொலைக்காட்சித் தொடரையும் கொண்டு மூடிவைத்திருந்த ஒருவர் அவற்றில் ஒன்றை விலக்கியதும், பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கோபம் எங்கிருந்தோ எழுந்து வந்து நிற்கிறது. இது தவம் தவறிப்போனதன் அறிகுறி என்று எனக்குத் தோன்றவில்லை. தவம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

நண்பகல் நெருங்க நெருங்க எரிச்சலும் சலிப்பும் வருகின்றன. இது பசி மட்டும்தானா?

பசியும்தான். ஆனால் இந்தச் சலிப்பை ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் நுணுக்கமாகப் பார்த்து எழுதியிருக்கிறார். எகிப்தின் பாலைநிலத் துறவிகளிடையே வாழ்ந்து 399-ஆம் ஆண்டில் இறந்த எவாக்ரியுஸ், 'நண்பகல் அலகை' (நண்பகலில் வரும் பேய்) என்று ஒன்றைக் குறிப்பிடுகிறார். அது வந்து அமர்ந்ததும் துறவிக்குச் சூரியன் நகராமல் நிற்பதுபோல் தோன்றுமாம்; பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோல் தோன்றுமாம்; உணவு கொள்ளும் ஒன்பதாம் மணி (நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணி) வந்துவிட்டதா என்று அறைக்கு வெளியே எட்டி எட்டிப் பார்ப்பாராம். பிறகு அந்த இடமே பிடிக்காமல் போகும். உடன்வாழும் சகோதரரிடம் அன்பே இல்லை என்று தோன்றும். வேறு எங்காவது போனால் கடவுளை நன்றாக வணங்கலாமே என்ற எண்ணம் வரும். விட்டுவந்த வீடும் உறவும் நினைவில் வந்து நிற்கும். அலுவலகத்தில் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழு உணவு கொள்ளும் நோன்பு) இருக்கும் எவரும் மதியம் பன்னிரண்டு மணிக்கு இதைத் தம் அனுபவமாகவே படிக்கலாம். அவர் சொல்லும் மருந்தும் எளிமையானது: இருக்கும் இடத்தை விட்டு எழாதே, கையில் இருக்கும் வேலையைச் செய்.

சோதனையைக் கடவுளே தருகிறாரா?

இந்தக் குழப்பத்துக்கு நம் மொழியும் ஒரு காரணம். தமிழில் 'சோதனை' என்ற ஒரே சொல், ஒருவரின் உறுதியைப் பார்க்கும் தேர்வையும் குறிக்கிறது, பாவத்துக்குத் தூண்டும் இழுப்பையும் குறிக்கிறது. மூலமொழியான கிரேக்கச் சொல்லுக்கும் அதே இரட்டைப் பொருள் உண்டு. கடவுள் எவரையும் பாவத்துக்குத் தூண்டுவதில்லை என்று யாக்கோபு திருமுகத்தின் முதல் அதிகாரம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. ஆனால் நாம் நெருக்கடிக்குள் நடந்துபோவதை அவர் அனுமதிக்கிறார்; நம் வலிமைக்கு மேல் சோதிக்கப்பட அவர் விடுவதில்லை என்றும், தாங்கிக்கொள்ள வழி செய்வார் என்றும் கொரிந்தியருக்குப் பவுல் எழுதுகிறார். 'சோதனையில் விழவிடாதேயும்' என்று செபித்த பழைய தலைமுறையினர் இந்த வேறுபாட்டை அந்த ஒரு சொற்றொடரிலேயே காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்பது என் எண்ணம்.

செபிக்க உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கிறது. கடவுள் என்னை விட்டுவிட்டாரா?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் அதிகமாகக் கேட்கப்படுவதும், மிகத் தயங்கிக் கேட்கப்படுவதும் இதுதான். எனவே சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இந்த வறட்சிக்கு மூன்று காரணங்களைச் சொல்கிறார். முதலாவது, நம் சோம்பலும் அலட்சியமும். இரண்டாவது, ஆறுதல் என்னும் கூலி கிடைக்காத நாட்களிலும் நாம் எவ்வளவு தூரம் இறைவனுக்காக நிற்போம் என்பது வெளிப்படுவதற்காக. மூன்றாவது, செபத்தில் கிடைக்கும் இனிமை நாம் உழைத்துச் சம்பாதித்தது என்று நினைத்துப் பெருமைகொள்ளாமல், அது கொடையாக வந்தது என்று அறிந்துகொள்வதற்காக. மூன்றில் ஒன்றுதான் நம் குற்றம். நம்மவர்கள் பெரும்பாலும் விசாரணையே இல்லாமல் முதல் காரணத்தைத் தங்கள்மேல் சுமத்திக்கொள்கிறார்கள். உண்மையிலேயே அலட்சியம் இருந்தால் அதைத் திருத்திக்கொள்ளலாம். மனத்தைத் தேடிப் பார்த்தும் அப்படி எதுவும் அகப்படவில்லை என்றால், அகப்படாத குற்றத்தைத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலேயே வாழ்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவின் அன்னை தெரேசா தெருவோரத்தில் இறந்துகொண்டிருந்தவர்களைத் தூக்கிவரத் தொடங்கிய காலத்திலிருந்தே அவருடைய செபத்தில் இருள் சூழ்ந்துவிட்டது. 1958-இல் சில வாரங்கள் அது விலகியதைத் தவிர, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், 1997-இல் அவர் இறக்கும் வரை, இறைவனின் அருகாமையை அவர் உணரவில்லை. தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோதுதான் உலகம் இதை அறிந்தது. அப்போது சிலர், அப்படியானால் அவர் நம்பாமலேயே நடித்தார் என்று எழுதினார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. எதையும் உணராத ஒருவர் ஒவ்வொரு நாளும் விடியலில் எழுந்து நற்கருணைக்கு முன் மண்டியிட்டுவிட்டு, பிறகு புண்களைக் கழுவப் போனார் என்றால், நம்பிக்கை என்பதற்கு அதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எங்கே தேடுவது?

இருள் வந்தவர்கள் எல்லாரும் புனிதர்கள் என்று இதற்குப் பொருளில்லை. இருளைக் கடவுள் விலகிப்போனதன் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதே நான் சொல்ல வருவது.

அப்படியானால் நம்பிக்கை என்பது உணர்வு இல்லையா?

பழைய செபப் புத்தகங்களில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்று புண்ணியங்களுக்கும் தனித்தனி மந்திரங்கள் உண்டு. இன்றைய திருவிவிலியத்தில் அதே மூன்றும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று இருக்கின்றன. அதாவது, பாட்டி 'நம்பிக்கை' என்று சொன்னபோது, வாக்களித்தவர் கைவிடமாட்டார் என்று வருங்காலத்தை நோக்கிக் காத்திருப்பதைச் சொன்னார். பேரன் அதே சொல்லால் விசுவாசத்தைக் குறிக்கிறான். இந்த மாற்றம் நடந்ததில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. ஆயினும் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்ததால் ஒன்று தெளிவாகிறது. இருவர் வழக்கிலும் அந்தச் சொல் ஒருவரைப் பற்றிக்கொள்வதையே குறிக்கிறது. மனம் குளிர்ந்திருப்பதையோ கண்ணில் நீர் வருவதையோ அது குறிக்கவில்லை. இருட்டில் படியிறங்கும் ஒருவர் கைப்பிடியைப் பற்றிக்கொள்வதற்கு அந்தக் கைப்பிடி கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை.

வறட்சி நாட்களில் நடைமுறையில் என்ன செய்வது?

இஞ்ஞாசியார் சொல்லும் முதன்மையான அறிவுரை இது: மனம் ஆறுதலின்றி இருக்கும்போது, அதற்கு முன் தெளிவான நேரத்தில் எடுத்த முடிவை மாற்றாதே. தவக்காலத்துக்கு இது அப்படியே பொருந்தும். திருநீற்றுப் புதனன்று, தினமும் மாலையில் கால் மணி நேரம் நற்செய்தி வாசிப்பேன் என்று முடிவெடுத்திருந்தால், மூன்றாம் வாரத்தின் சலிப்பான ஒரு மாலைப் பொழுதில் அமர்ந்து, 'இதனால் என்ன பயன், விட்டுவிடுவோமா' என்று ஆராயக் கூடாது. ஆராய்வதற்கு அது நேரமில்லை. அதே காரணத்தால், அந்த நாட்களில் புதிய பெரிய சபதங்களும் வேண்டாம். பாடல் குழுவை விட்டுவிடுவது, ஆலயப் பங்கை மாற்றிக்கொள்வது, அன்பியக் கூட்டத்துக்கு (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் குழு) இனிப் போவதில்லை என்று அறிவிப்பது போன்றவற்றையும் பாஸ்காவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது அறிவுரை சற்றுக் கடினமானது. வறட்சியில் செப நேரத்தைக் குறைக்கத் தோன்றும். அப்போது குறித்த நேரத்தைவிடச் சற்றே அதிகமாக இரு என்கிறார் அவர். கால் மணி நேரம் என்றால் பதினாறு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் எந்தப் பேரின்பமும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் 'நான் விடும் வரைதான் நீ இங்கே இருப்பாய்' என்று மனத்தின் சலிப்பு விதிக்கும் கட்டளையை அது உடைக்கிறது.

வாயில் சொல் வராதபோது பிறர் சொல்லைக் கடன் வாங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செபமாலையும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளும் இருப்பது அதற்காகத்தான். தேவாலயத்தில் நாற்பது பேர் கூடி, 'இயேசுவே உம்மை ஆராதித்து உமக்கு நன்றி கூறுகின்றோம்' என்று சொல்லி முழங்காலிடும்போது, நாற்பத்தொன்றாமவராக நாமும் முழங்காலிட்டால் போதும். அன்றைக்கு நம் மனத்தைத் தூக்கிச் செல்வது மற்றவர்களின் குரல்.

கடவுள்மேல் கோபப்படுவது பாவமா? புலம்பலாமா?

புலம்பலாம். திருப்பாடல்களில் பெரும் பகுதி புலம்பல்தான். பதின்மூன்றாம் திருப்பாடல் 'எத்தனை காலம்' என்ற கேள்வியை அடுத்தடுத்து நான்கு முறை கேட்கிறது. இருபத்திரண்டாம் திருப்பாடலின் முதல் அடியைத்தான் இயேசு சிலுவையில் கதறினார். எண்பத்தெட்டாம் திருப்பாடல் ஆறுதலான முடிவுகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. ஆயினும் அதைத் திருநூலிலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை. இழவு வீட்டில் ஒப்பாரி வைத்துப் பழகிய நமக்கு இது புரியாததல்ல. அழுது தீர்ப்பதற்கும் ஒரு மரியாதையான வடிவம் உண்டு என்பதை நம் ஊர்ப் பெண்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். பெரிய வியாழன் இரவிலும் பெரிய வெள்ளியிலும் பாடுகளைப் புலம்பலாகப் பாடும் நம் வழக்கமும் அங்கிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

ஓர் எல்லை மட்டும் இருக்கிறது. பாலைநிலத்தில் தாகத்தால் வாடிய இஸ்ரயேல் மக்கள், 'ஆண்டவர் நம்மிடையே இருக்கிறாரா, இல்லையா?' என்று கேட்டார்கள்; அந்த இடத்துக்கு மாசா, மெரிபா என்று பெயர் வந்தது. திருப்பாடலாசிரியர் 'ஏன் என்னை மறந்தீர்?' என்று கேட்கிறார். இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தாலும், ஒன்று கடவுளைப் பற்றி மற்றவர்களிடம் நடத்தும் வழக்கு, மற்றொன்று கடவுளிடமே சொல்லும் முறையீடு. முறையீடு செய்பவர் இன்னும் பேச்சை நிறுத்தவில்லை, உறவும் முறியவில்லை. மாசாவில் முறுமுறுத்தவர்களுக்கும் கடவுள் பாறையிலிருந்து தண்ணீரையே கொடுத்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒருசந்தியை இடையில் முறித்துவிட்டேன். என் தவக்காலம் வீணாகிவிட்டதா?

இல்லை. அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். திருச்சபைச் சட்டம் ஒருசந்தியைக் கடமையாக்குவது திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாட்களில் மட்டுமே. அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 வயது நிறையும் வரை. சுத்தபோசனம் (இறைச்சியைத் தவிர்த்தல்) 14 வயது நிறைந்தவர்களுக்கு உரியது. நோயாளிகளும் கருவுற்ற தாய்மார்களும் இவற்றால் கட்டுப்பட்டவர்கள் அல்லர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடப்பதைப் பக்தி என்று நான் சொல்லமாட்டேன்.

அதே பாவத்தில் மீண்டும் மீண்டும் விழுகிறேன். ஒவ்வொரு முறையும் பாவசங்கீர்த்தனம் செய்ய வெட்கமாக இருக்கிறது.

வெட்கம் இருக்கட்டும், அதோடேயே போங்கள். ஒரே பாவத்தைத் திரும்பச் சொல்வதைக் கேட்டு அலுத்துக்கொள்ளும் குருவைவிட, மனம் இளகும் குருக்களே அதிகம்.

ஆனால் இதற்கு நேரெதிரான ஒரு நோயும் உண்டு. தவக்காலத்தில் அது கூடுதலாகத் தலைகாட்டும். மன்னிக்கப்பட்ட பாவத்தை முழுதாகச் சொன்னோமா, சரியாகச் சொன்னோமா என்று மறுபடி மறுபடி சந்தேகப்படுவது அது. இஞ்ஞாசியாரே இதில் சிக்கிச் சாவின் விளிம்புவரை போனவர். 1521-இல் பம்ப்லோனா போரில் காலில் குண்டடிபட்டு, மனம் திரும்பிய பிறகு, 1522-இல் மன்ரேசா என்னும் ஊரில் தங்கியிருந்தார். அதற்கு முன் மொன்செராத் மலையில் மூன்று நாட்கள் செலவிட்டுத் தம் வாழ்நாள் பாவங்களை எல்லாம் எழுதி அறிக்கையிட்டிருந்தார். அப்படியும் ஏதோ விட்டுப்போயிற்று என்ற அரிப்பு நிற்கவில்லை. தம் அறையில் இருந்த ஒரு பெரிய துளையின் வழியே குதித்துவிடலாமா என்ற எண்ணம் அவருக்குப் பலமுறை வந்தது. கடவுள் விடுவிக்கும் வரை உண்பதுமில்லை, குடிப்பதுமில்லை என்று தீர்மானித்து, ஒரு ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரை அப்படியே இருந்தார். அதைக் கேட்ட அவருடைய ஒப்புரவுக் குரு, நோன்பை உடனே முறிக்கும்படி கட்டளையிட்டார். இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்தார். இரண்டு நாட்கள் நிம்மதி; மூன்றாம் நாள் பழைய அரிப்பு திரும்பியது. அதன் பிறகுதான், இந்தத் தொல்லை எந்த ஆவியிடமிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெளிவாகி, கடந்தகாலப் பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்தார்.

இந்த நிகழ்ச்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதற்குக் காரணம், அந்த ஒரு வார நோன்பு. வெளியிலிருந்து பார்த்தால் அது மாபெரும் தவம்; உள்ளே அது கடவுளின் கையை முறுக்கும் முயற்சி. அதிலிருந்து அவரை மீட்டது, 'போய்ச் சாப்பிடு' என்று ஒரு குரு சொன்ன சாதாரணச் சொல்.

இந்தப் போராட்டத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தோன்றுகிறது. அது சரியா?

சரியில்லை. ஒரு குடும்பப் பெண்ணை மயக்கப் பார்க்கும் கயவன், தான் பேசியதைத் தந்தையிடமோ கணவனிடமோ சொல்லிவிடாதே என்றுதான் முதலில் கேட்பான். சொல்லிவிட்டால் அவன் ஆட்டம் முடிந்துவிடும். நம் பகைவனாகிய அலகையும் அப்படித்தான் என்று இஞ்ஞாசியார் எழுதுகிறார். குருவிடமோ அருள்சகோதரியிடமோ வாயை அடக்கத் தெரிந்த நண்பரிடமோ சொல்லலாம். அன்பியக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொல்ல வேண்டியதில்லை.

இது ஆன்ம வறட்சியா, மனச்சோர்வு நோயா என்று எப்படி அறிவது?

நானோ நீங்களோ தனியாக உட்கார்ந்து தீர்மானிக்கக் கூடிய காரியமில்லை இது. இருந்தாலும் சில வேறுபாடுகளைச் சொல்லலாம். வறட்சியில் இருப்பவருக்குச் செபம் சுவைக்காது. ஆனால் வேலையைச் செய்கிறார், பிள்ளையைக் கொஞ்சுகிறார், இரவில் தூங்குகிறார். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் குலைந்து, எதிலும் நாட்டமில்லாமல், உயிரோடிருப்பதே பாரமாகத் தோன்றினால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். மருந்து உட்கொள்வதை நம்பிக்கைக் குறைவு என்று யாராவது சொன்னால், சொல்பவர் போதகராகவே இருந்தாலும் கேட்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தாமதிக்க வேண்டாம்: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்களை அழைக்கலாம்.

அரசர்கள் முதல் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தை இந்த நோக்கில் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஈசபேலுக்கு அஞ்சி ஓடிய எலியா ஒரு சூரைச் செடியின் கீழ் அமர்ந்து, 'போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்' என்கிறார். முந்திய அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பை இறங்கச் செய்திருந்தார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அறிவுரையும் கூறவில்லை. தூங்க விட்டார். வானதூதர் தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா மறுபடி படுத்துக்கொண்டார்; மறுபடியும் தூதர் எழுப்பி உண்ணச் செய்தார். அதன் பிறகுதான் ஓரேபு மலையை நோக்கிய நாற்பது நாள் பயணம் தொடங்கியது. நாற்பது நாள் தவத்துக்கு முன் இரண்டு தூக்கமும் இரண்டு வேளை உணவும் வைத்திருந்த கடவுள் அவர்.

ஒரு கருத்துக்காக நோன்பு நேர்ந்துகொண்டேன். நடக்கவில்லை. இனி எப்படி நம்புவது?

மகனுக்கு வேலை, மகளுக்குத் திருமணம், கணவரின் குடிப்பழக்கம், அறுவைச் சிகிச்சை. இவற்றுக்காக நேர்ந்துகொள்வதை நான் ஏளனம் செய்ய மாட்டேன்; வேறு யாரிடம் போய்க் கேட்பது? கேட்கும்படி சொன்னவரும் அவர்தான். ஆனால் இயேசுவுக்கு வந்த சோதனைகளில் ஒன்று மிகவும் பக்தியான சோதனை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கோவிலின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று அலகை சொன்னபோது, அது திருப்பாடல் தொண்ணூற்றொன்றையே மேற்கோள் காட்டியது. அந்த வாக்குறுதி பொய்யன்று. ஆனால் வாக்குறுதியை நம்பி வாழ்வது வேறு, அதைக் காட்டி விளைவை வரவழைக்க முயல்வது வேறு. 'உன் கடவுளாகிய ஆண்டவரைச் சோதிக்க வேண்டாம்' என்று இயேசு சொன்ன பதில் இணைச்சட்ட நூலிலிருந்து எடுத்தது. அங்கே அது மாசாவில் நடந்ததை நினைவூட்டியே சொல்லப்படுகிறது.

கெத்சமனித் தோட்டத்தில் இயேசு கேட்டதும் அவர் கேட்டபடி நடக்கவில்லை. துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று வேண்டினார், அகலவில்லை. ஆனால் எபிரேயர் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம், அவர் கண்ணீரோடு எழுப்பிய மன்றாட்டு கேட்கப்பட்டது என்று எழுதுகிறது. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குச் சிலுவையில் இறந்த ஒருவரின் மன்றாட்டு எந்தப் பொருளில் கேட்கப்பட்டது? இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு பெரிய வாரம் முழுவதும் தியானிக்கலாம். லூக்காவின் சில பழைய கையெழுத்துப் படிகளில் இல்லாவிட்டாலும் நம் திருவிவிலியத்தில் இடம்பெற்றுள்ள ஒரு வசனம், அந்த இரவில் விண்ணிலிருந்து ஒரு தூதர் தோன்றி அவரை வலுப்படுத்தினார் என்கிறது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போக அந்தத் தூதர் வரவில்லை.

உங்கள் வேண்டுதல் ஏன் நிறைவேறவில்லை என்று எனக்குத் தெரியாது. உங்கள் நோன்பில் குறை இருந்ததால்தான் என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் அதைத்தான் சொன்னார்கள். நூலின் முடிவில் கடவுள் அவர்கள்மேல் சினம் கொண்டார்.

பாஸ்கா வந்த பிறகும் இந்த இருள் விலகாவிட்டால்?

விலகாமல் போகலாம். பிரான்சின் லிசியே நகரில் துறவியாக வாழ்ந்த, இன்னொரு தெரேசாவுக்கு இருள் தொடங்கியதே பாஸ்கா காலத்தில்தான். 1896-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் பெரிய வியாழன். அன்று நள்ளிரவுக்குப் பின் அவர் முதன்முறையாக இரத்தம் கக்கினார். காச நோய். அந்த நேரத்தில் அவருக்கு அச்சமில்லை, விண்ணகம் பக்கத்தில் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியே இருந்தது. சில நாட்களில், அல்லேலூயா ஒலித்துக்கொண்டிருந்த அந்தப் பாஸ்கா காலத்திலேயே, விண்ணகம் என்ற ஒன்று உண்டா என்ற ஐயம் அடர்ந்த மூடுபனிபோல் வந்து கவிந்தது. 1897 செப்டம்பர் 30-இல் தம் 24-ஆம் வயதில் இறக்கும் வரை அது முழுமையாக விலகவில்லை. விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்திருந்தார். வாழ்நாள் முழுவதும் செய்ததைவிட அந்த ஓராண்டில் அதிகமான விசுவாச முயற்சிகளைச் செய்ததாக எழுதிவைத்திருக்கிறார்.

திருச்சபை பாஸ்காவை ஒரே நாளில் கொண்டாடி முடிப்பதில்லை. பெந்தக்கோஸ்து வரை ஐம்பது நாட்கள் கொடுத்திருக்கிறது. தவக்காலத்தைவிட அது நீளமானது. உயிர்ப்பு நாளின் நற்செய்திகளிலும் எல்லாரும் உடனே மகிழ்ந்துவிடவில்லை. மாற்கு நற்செய்தியில் கல்லறைக்குச் சென்ற பெண்கள் நடுக்கத்தோடு ஓடினார்கள், அச்சத்தால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மகதலா மரியா, எதிரில் நின்றவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தார். எம்மாவுக்குப் போன இருவர், உடன் நடந்துவந்தவர் யார் என்று தெரியாமலேயே ஏறத்தாழ பதினொரு கிலோமீட்டர் நடந்தார்கள். ஊர் நெருங்கியபோது, பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்கும் என்று அந்த அந்நியரை வற்புறுத்தி வீட்டுக்குள் அழைத்தார்கள்.